விளிம்புக்கு அப்பால் ஆறு பிரேம்

பிர்னோ நகரம், பழைய கம்பளி ஆலையின் மூன்றாம் மாடி.
ஞாயிறு மாலை. வெளியே பனி சேறாகிக்கொண்டிருந்தது.
நாற்பத்தோரு விளையாட்டுகள், நடுவர்கள் மூவர்,
பெரிய சட்டியில் ஆறிப்போன கூலாஷ்.
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குக் கொடுத்த தலைப்பு:
மிச்சம்.

இருபத்தாறு வரை ஆடிவிட்டேன்.
மிச்சத்தைச் சாம்பலாகக் காட்டியவர்கள் ஒன்பது பேர்.
எலும்புக்கூடாக, நால்வர்.
ஒருவன் ரொட்டித்தூள். அது மட்டும் கொஞ்சம் சிரிக்கவைத்தது.

இருபத்தேழு:
கறுப்புத் திரை. வெள்ளைக் கோடு.
கோட்டின்மேல் சர்க்கரைக் கட்டியைவிடச் சின்னதாய்
ஒரு சதுரம். முகம் கிடையாது.
இடம், வலம், தாவு. அவ்வளவுதான்.
பக்கத்து நாற்காலி ராட்காவிடம் சொன்னேன்:
"சோம்பேறித்தனத்துக்கு இப்போதெல்லாம் எளிமை என்று பெயர்."

தாவினேன்.
நின்ற இடம் அழிந்தது.
மறுபடி தாவினேன். அதுவும்.
திரும்ப வழியில்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை;
விரல் தானே தெரிந்துகொண்டது.

மூன்றாம் கட்டத்தில் பிந்திவிட்டேன்.
சதுரம் விளிம்பைக் கடந்தது என் கண்ணுக்கே தெரிந்தது,
பொத்தானை அழுத்தியது அதற்கப்புறம்தான்.
விழ வேண்டும்.
தாவியது.

வேண்டுமென்றே பிந்தி மறுபடி பார்த்தேன்.
படம் பிடித்து எண்ணினேன்:
தரை தீர்ந்த பிறகும் ஆறு பிரேம்,
நொடியில் பத்தில் ஒரு பங்கு,
காற்றையும் தரைக் கணக்கிலேயே எழுதியிருக்கிறது கை ஒன்று.
தெரியாத வித்தையா? மற்ற நாற்பதில் பாதிப் பேர் செய்திருந்தார்கள்.
இங்கே மட்டும் நன்றி சொல்லத் தோன்றியது.
மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒலி: பூஜ்யம். ஒலியே வைக்கவில்லை.
சுவரோர வெப்பக்குழாய்தான் டொக், டொக் என்றது;
ஒருமுறை, சதுரம் தரை தொட்ட அதே கணத்தில்.
குழாய்க்கு மதிப்பெண் போட முடியாது.

ஏழாம் கட்டம்.
சதுரம் சுவருக்குள் பாதி புதைந்து, அசைய மறுத்தது.
பென்சிலை எடுத்து எழுதவே தொடங்கிவிட்டேன்:
'மிச்சம் என்பது இதுவே. பாதி சுவரில், பாதி வெளியில்.
கடைசியில் நாம் எல்லோரும்'

"ஐயோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
ஒடகார் ஷெபேலா. ஐம்பதைத் தொட்ட லிஃப்ட் மெக்கானிக்,
நக இடுக்கில் கிரீஸ்.
"அது பிழை. இன்று விடியற்காலை நாலு மணிக்குத் தூங்கிப்போனேன்.
தயவுசெய்து அதற்குப் பொருள் ஏதும் எழுதிவிடாதீர்கள்."

அழித்தேன். இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.
அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆறு பிரேமைப் பற்றிக் கேட்டேன்.
"முதலில் பத்து வைத்தேன், மிதப்பதுபோல் இருந்தது.
மூன்று வைத்தேன், ப்ளாங்கா விழுந்துகொண்டே இருந்தாள்,
கீபோர்டைத் தள்ளிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.
லிஃப்ட் கதவு மாதிரிதான்.
யாரோ ஓடிவருகிறார் என்று நினைத்துத்தான் மூட வேண்டும்.
காத்திருந்தோம் என்று அவருக்குத் தெரியக்கூடாது."

கட்டுப்பாடு: ஒன்பது.
படம்: ஐந்து. ராட்கா மூன்றுக்கு மேல் ஏற மறுத்தாள்.
கூட்டிப் பார்த்தால் பதினோராம் இடம்,
பரிசு பத்துப் பேருக்கு.
முதலில் வந்தது ஓர் எலும்புக்கூடு. உண்மையில் அது நன்றாகத்தான் ஆடியது.
ஷெபேலா பலமாகக் கைதட்டினார்,
லாப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டார்,
காலை ஆறுக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று என்று சொல்லிப் போனார்.

படியிறங்கி ஓடினேன்.
நாலாம் எண் ட்ராம். கதவு மூடிக்கொண்டிருந்தது.
கை நீட்டினேன்.

பூஜ்யம் பிரேம்.

அடுத்தது பதினெட்டு நிமிடம் கழித்து.
நடைபாதை விளிம்பில், சேற்றில் நின்றிருந்தேன்
கோட்டுப் பைக்குள் வீட்டுச் சாவியைக் கட்டைவிரலால்
தாவு, தாவு என்று அழுத்திக்கொண்டு.